காய்ச்சலுக்கு முன்னே செய்தி போகவேண்டும்

சீனன்குடா என்றால் வெளியூரவர்க்கு மூன்று பொருட்கள் நினைவுக்கு வரும்: விமானப்படைத் தளம், காட்டுக்குள் வரிசையாக நிற்கும் பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள், கரையோரத்து மாவாலை. இம்மூன்றுக்கும் இடையில் மக்களும் வாழ்கிறார்கள் என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. கூலித் தொழிலாளர், மீனவர், யுத்தத்தால் இடம்பெயர்ந்து வந்து தங்கிவிட்டவர்கள், படைவீரர்களின் குடும்பங்கள் என மூன்று மொழியும் நான்கு மதமும் ஒரே வீதியில் கலந்து நிற்கும் ஊர் இது. பாலத்தைக் கடந்தால் கிண்ணியா.

2017ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் அந்தக் கிண்ணியாவில் டெங்கு பெருந்தொற்றாக மூண்டது. வைத்தியசாலையில் கட்டில் போதவில்லை. பாடசாலைகளைச் சில நாட்கள் மூட வேண்டியதாயிற்று. அவ்வாண்டு முடியும்போது நாடு முழுவதிலும் டெங்கு எனச் சந்தேகிக்கப்பட்டவர்கள் 186,101 பேர்; இறந்தவர்கள் 440 பேர். இலங்கை அதுவரை கண்ட டெங்குத் தொற்றுகளில் இதுவே மிகப் பெரியது.

அந்நாட்களில் எமது பக்கத்தில் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனும் காய்ச்சலில் படுத்தான். நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. “குறைஞ்சிட்டுது பாதர்” என்று தாய் நிம்மதியோடு சொன்னாள். டெங்குவில் காய்ச்சல் விடுகின்ற அந்த நேரமே மிக ஆபத்தான நேரம் என்பது அவளுக்குத் தெரியாது. வெட்கத்தோடு எழுதுகிறேன், எனக்கும் அப்போது தெரியாது. அன்று மாலையே கைகால் குளிர்ந்து, வயிற்றுவலியால் துடித்தவனை முச்சக்கர வண்டியில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். அவன் பிழைத்தான்.

ஆனால் அவன் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில் இருந்த இளந்தாய் ஒருத்தி, அவன் படுத்த பதினாறாம் நாள் காய்ச்சலில் விழுந்தாள். அவள் பிழைக்கவில்லை. சிறுவனின் வீட்டைச் சோதிக்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தது பத்தொன்பதாம் நாள். அவரைக் குறை சொல்ல முடியாது. சிறுவனைப் பற்றிய அறிவித்தல் அட்டை அவருடைய மேசைக்கு வந்ததே முதல்நாள்தான். விசாரித்தபோது, அந்த அட்டை விடுமுறை நாட்களில் ஒரு தட்டில் கிடந்து, பின்னர் முகவரிக் குழப்பத்தால் வேறொரு சுகாதாரப் பணிமனைக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்தது எனத் தெரிந்தது. எந்த வைத்தியசாலை, எந்தப் பணிமனை என்பது இங்கு தேவையில்லை. எங்கும் நடக்கக்கூடியது அது.

அவளுக்கு நோய் அந்தச் சிறுவனிடமிருந்துதான் வந்தது என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. ஆயினும் நாட்கணக்கைப் பாருங்கள். காய்ச்சல் கண்டவரின் குருதியில் முதல் ஐந்து நாட்களளவில் கிருமி நிறைந்திருக்கும். அந்நாட்களில் அவரைக் கடிக்கும் நுளம்பு உடனே நோயைப் பரப்பாது. கிருமி நுளம்பின் உடலுக்குள் பெருகி அதன் உமிழ்நீருக்கு வந்துசேர எட்டு முதல் பன்னிரண்டு நாட்கள் வேண்டும். அதன்பின் அது கடித்தால், கடிபட்டவர் நான்கு முதல் பத்து நாட்களில் படுப்பார். அந்த நுளம்பு தொலைதூரம் பறப்பதுமில்லை. அயல் வீடுகளே அதன் உலகம். ஆகவே முதல் வாரத்துக்குள் செய்தி உரியவரிடம் போய்ச் சேர்ந்தால் கிணற்றையும் தொட்டியையும் பார்க்கலாம், புகை அடிக்கலாம், அயலவரை எச்சரிக்கலாம். பத்தொன்பதாம் நாள் வரும் செய்தி கணக்கெடுப்புக்கு மட்டுமே உதவும்.

தொற்றுநோயை எதிர்ப்பதில் மருந்தைவிடச் செய்தி முக்கியமான இடம் இதுவே. கைத்தொலைபேசியும் கணினியும் சுகாதாரப் பணிக்கு வேண்டும் என்று நாம் பேசுவது இதற்காகத்தான், நாகரிகத்துக்காக அல்ல.

அட்டையை இகழவேண்டாம்

எமது நாட்டின் தொற்றுநோய் அறிவித்தல் முறை பழையது; நல்லது. 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டமே அதன் அத்திவாரம். அறிவிக்கவேண்டிய நோய் ஒன்றைச் சந்தேகித்தவுடனேயே, ஆய்வுகூட முடிவுக்குக் காத்திராமல், வைத்தியர் ‘சுகாதாரம் 544’ என்ற படிவத்தை நிரப்பி நோயாளியின் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்பவேண்டும். அங்கு பதிவேட்டில் எழுதப்பட்டு, பரிசோதகர் வீட்டுக்குச் சென்று விசாரித்து, ‘411’ஆம் படிவத்தில் அறிக்கை கொடுப்பார். வாரம் முடியத் தொகுப்பு கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும். 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாள்முதல், வீடு வீடாகப் போகும் ஊழியரே இந்நாட்டுச் சுகாதாரத்தின் முதுகெலும்பு.

மலேரியாவின் கதை இதற்குச் சாட்சி. 1934-35இல் ஏறக்குறைய 80,000 உயிர்களைக் குடித்த நோய், 1963இல் வெறும் 17 நோயாளர் என்ற அளவுக்கு வந்தது. வெற்றி கிடைத்துவிட்டது என்று கண்காணிப்பு தளர்ந்தது. 1967இல் தொடங்கி 1969 வரையான ஆண்டுகளில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் மீண்டும் நோயுற்றனர். கிழக்கில் வளர்ந்த என் தலைமுறையில், சிறுவயதில் குளோரோகுயின் கசப்பை நாக்கில் அறியாதவர் அரிது. யுத்த காலத்திலும் வடக்கு கிழக்கில் குருதிப் பரிசோதனையும் நுளம்பு வலை விநியோகமும் முற்றாக நிற்கவில்லை. 2012 ஒக்டோபருக்குப் பின் உள்ளூரில் தொற்றிய நோயாளர் இல்லாமற்போய், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றுபடுத்தியது. அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில், இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்ற நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து நோயோடு வருவோர் இன்றும் இருக்கிறார்கள். துறைமுகமும் விமானத்தளமும் உள்ள எம்மைப் போன்ற ஊருக்கு இது வெறும் செய்தியல்ல.

1963இல் குறைபட்டது கருவி அல்ல. நோய் இல்லாத இடத்திலும் நோயைத் தேடிக்கொண்டிருக்கும் மனிதர்கள் குறைந்தார்கள். இன்று கணினித் திட்டங்களைக் கொண்டுவருவோர் இதை மறந்துவிடக் கூடாது.

இரண்டு பரீட்சைகள்

2008இல் இலங்கையில் எலிக்காய்ச்சல் கடுமையாகப் பரவி, 7,000க்கு மேற்பட்டோர் நோயுற்று 200க்கு மேற்பட்டோர் இறந்தனர். அறிகுறிகளை நாளாந்தம் தொகுத்துப் பார்த்திருந்தால் முன்கூட்டியே தெரிந்திருக்குமா என்ற கேள்வி எழுந்தது. அந்த ஆண்டு முதல் 2010 வரை, கனடா நாட்டு நிதியுதவியோடு, லேர்ன் ஏசியா என்ற ஆய்வு நிறுவனமும் சென்னை ஐ.ஐ.டி.யும் சர்வோதயமும் இணைந்து ஒரு பரீட்சார்த்தத் திட்டத்தை நடத்தின. இலங்கையில் குருநாகல் மாவட்டம், தமிழ்நாட்டில் சிவகங்கை மாவட்டத்துத் திருக்கோஷ்டியூர் வட்டாரம் என இரண்டு களங்கள். இன்றைய தொடுதிரைத் தொலைபேசிகள் அல்ல. பொத்தான் அழுத்தும் சாதாரணக் கைத்தொலைபேசிகள். குருநாகலில் சர்வோதயத் தொண்டர்கள் வைத்தியசாலைப் பதிவேடுகளிலிருந்து நோயாளியின் வயது, பால், ஊர், அறிகுறி ஆகியவற்றைத் தட்டி அனுப்பினார்கள். திருக்கோஷ்டியூரில் கிராம சுகாதாரச் செவிலியரே அதைச் செய்தனர். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆக்கிய மென்பொருள், ஓர் ஊரில் ஓர் அறிகுறி வழமைக்கு மேல் கூடினால் அதைச் சுட்டிக்காட்டியது.

சாதாரண தொலைபேசியில், சாதாரண கல்வியுள்ள கிராமத்துப் பெண்கள் இதைச் செய்ய முடியும் என்று நிரூபித்ததே அத்திட்டத்தின் பெரிய பயன் என்பேன். சிக்கல்களும் வெளிப்பட்டன. ஒரே நோயின் பெயரை எழுத்துப் பிழையோடு இருவிதமாக எழுதினால் கணினிக்கு அது இரண்டு நோய். பழைய பதிவேடுகளை எழுதுவதும் நிற்கவில்லை. தொலைபேசியில் தட்டுவதும் சேர்ந்துகொண்டது. ஆகவே செவிலியருக்கு இது மேலதிகச் சுமையாகவே பட்டது. அத்திட்டம் நாடளாவிய முறையாக விரியாமலே முடிந்தது.

இரண்டாவது பரீட்சை 2020 ஜனவரியில் வந்தது. அம்மாதம் 27ஆம் திகதி, சீனாவிலிருந்து வந்த சுற்றுலாப் பயணி ஒருவர் இலங்கையின் முதலாவது கொரோனா நோயாளி என உறுதியானார். அந்த நாட்களிலேயே, விமான நிலையத்தில் இறங்கும் பயணிகளைப் பதிந்து, அவர்கள் தங்குமிடத்துச் சுகாதாரப் பணிமனை பதினான்கு நாட்கள் பின்தொடர்வதற்கான கணினி முறை ஒன்றை எமது சுகாதார அமைச்சின் வைத்தியர்கள் சில தினங்களில் ஆக்கிவிட்டனர். அதன் அடிப்படை, ‘டி.எச்.ஐ.எஸ். 2’ என்ற இலவச மென்பொருள். நிறவெறி ஆட்சி வீழ்ந்த தென்னாபிரிக்காவில், ஏழைகளின் சுகாதார மையங்களுக்காக 1990களில் முளைத்து, நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது அது. இலங்கையின் அமைப்பைப் பார்த்துப் பொது வடிவம் ஒன்று தயாரிக்கப்பட்டு, பின்னர் முப்பதுக்கு மேற்பட்ட நாடுகள் அதைப் பயன்படுத்தின. வறிய நாடுகள் செல்வந்த நாடுகளிடமிருந்து தீர்வுகளை இரவல் வாங்குவதே வழக்கம். அவ்வருடம் ஓட்டம் மறுபக்கமாக இருந்தது.

அது எப்படிச் சில தினங்களில் முடிந்தது? 2009ஆம் ஆண்டளவில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவக் கல்வி நிறுவகம், நோர்வேயின் உதவியோடு, வைத்தியர்களுக்கு மருத்துவத் தகவலியலில் முதுமாணிக் கற்கை ஒன்றைத் தொடங்கியது. வார்டும் தெரிந்து கணினியும் தெரிந்த ஒரு தலைமுறை அதில் உருவானது. ஆபத்து வந்தபோது வெளிநாட்டு நிபுணருக்குக் காத்திருக்கத் தேவையிருக்கவில்லை. பத்தாண்டு முன்னதாக விதைத்ததைத்தான் அந்தத் தினங்களில் அறுத்தோம்.

அடிமட்டத்தில் என்ன நடக்கிறது?

விதை மேற்தட்டில் விழுந்த அளவுக்கு அடியில் விழவில்லை என்பதே என் ஆதங்கம். ஒரு குடும்பநல உத்தியோகத்தரின் பொறுப்பில் மூவாயிரம் முதல் ஐயாயிரம் பேர் வரை இருக்கிறார்கள். கர்ப்பிணிகள், குழந்தைகள், தடுப்பூசி, நிறை பார்த்தல் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கொப்பி. இப்போது கணினியும் சேர்ந்திருக்கிறது. நான் அறிந்த பணிமனைகளில் கொப்பி எழுதுவது குறையவில்லை; எழுதியதையே மீண்டும் தட்டுகிறார்கள். “பாதர், பகல் முழுக்க வீடு வீடாப் போறன். இரவிலை என்ரை பிள்ளையின்ரை பாடத்தைப் பார்க்கிறதோ, இதைத் தட்டுறதோ?” என்று ஒருவர் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

பயிற்சி என்பது பெரும்பாலும் ஒருநாள் கருத்தரங்கு. மண்டபம், ஆங்கிலத்தில் திரைப்படங்கள், மதியத்துக்குக் கோழிச் சோறு, முடிவில் சான்றிதழ். வீட்டுக்கு வந்து கருவியைத் திறக்கும்போது கடவுச்சொல் மறந்துபோயிருக்கும். உதவி கேட்க ஆளில்லை. குருமடத்தில் பாவ்லோ ஃபிரெய்ரேயைப் படித்தபோது, வங்கியில் பணம் இடுவதுபோல மாணவர் தலையில் அறிவை இடும் கல்வியை அவர் சாடியது எமக்கெல்லாம் மனப்பாடம். அந்த வங்கிகள் இன்று மடிக்கணினியோடு வருகின்றன.

மொழிச் சிக்கல் தனி. தமிழ்த் தட்டச்சுப் படித்த எமது எழுதுவினைஞர்களில் பலர் பாமினி எழுத்துருவில் பழகியவர்கள். அதில் அடித்ததை ஒருங்குறி முறையில் இயங்கும் அமைப்பில் ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். இது சோம்பலோ அறியாமையோ அல்ல. விரல்களுக்கு வேறு பழக்கம். அதை மாற்ற ஒரு மாதமாவது பக்கத்தில் இருந்து பழக்கவேண்டும்.

ஊர்ப்பெயரைப் பாருங்கள். தமிழில் சீனன்குடா, ஆங்கிலத்தில் சைனா பே, சிங்களத்தில் சீன வராய. மூன்று வைத்தியசாலைகளில் மூன்று பேர் மூன்று விதமாக எழுதினால், அட்டையை வாசிக்கும் மனிதர் ஒருவாறு விளங்கிக்கொள்வார். கணினிக்கு அவை மூன்று ஊர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு டெங்கு நோயாளி எனக் காட்டும். ஒரே ஒழுங்கையில் மூவர் என்று காட்டாது. கிண்ணியாவில் முகம்மது, மொஹமட், முஹம்மத் என்று ஒருவரே மூவராகிவிடுவதும் உண்டு. பெயரை எழுதாமல் கிராம அலுவலர் பிரிவின் இலக்கத்தைப் பட்டியலிலிருந்து தெரிவு செய்யப் பழக்கினால் இச்சிக்கலில் பெரும்பகுதி தீரும். அந்த அட்டை வேறு பணிமனைக்குப் போனதும் இப்படியொரு பெயர்க் குழப்பத்தால்தான் என்பதை நான் மறக்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதவேண்டும். 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை, கொரோனாவால் இறந்தோர் உடல்களைக் கட்டாயமாகத் தகனம் செய்யும் ஒழுங்கு நடைமுறையில் இருந்தது. உடலை அடக்கம் செய்வதில் தடையில்லை என்று உலக சுகாதார தாபனம் கூறியிருந்தும் அது நீடித்தது. முஸ்லிம் மக்களுக்கு அது எத்தகைய காயம் என்பதைக் கிண்ணியாவின் அயலில் வாழும் எமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. காய்ச்சல் என்று வெளியே சொல்லப் பயமாயிருக்கிறது என்று சொன்னவர்களை என் காதாலேயே கேட்டேன். நோயாளரின் பெயர் விபரங்கள் கைத்தொலைபேசிக் குழுக்களில் சுற்றியதையும் அதே காலத்தில் கண்டோம். மக்கள் நம்பிக்கை இழந்தால் எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் வெறுமையையே பதியும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நல்லதே. ஆனால் இரகசியம் காப்பது சட்டத்தால் மட்டும் வருவதில்லை. ஒப்புரவு அருட்சாதனத்தின் முத்திரையைக் காக்க எம்மைப் போன்றோருக்கு ஆண்டுக்கணக்கில் பயிற்சி தருகிறார்கள். காசநோயாளியின் பெயரைக் கையில் வைத்திருக்கும் பத்தொன்பது வயதுத் தொண்டருக்கு அரை மணிநேரமும் கொடுப்பதில்லை.

2022 பொருளாதார நெருக்கடியின் பின் வைத்தியர்களும் தாதியரும் நாட்டை விட்டுப் போகிறார்கள். போகிறவர்களைப் பழிக்க எனக்கு மனமில்லை. பயிற்சி பெற்ற ஒருவர் போனால் அவரோடு போய்விடாதபடி அறிவு பலரிடம் பரவியிருக்க வேண்டும் என்பதே நாம் எடுக்கும் பாடம்.

மண்டபத்தில் பன்னிரண்டு பெண்கள்

எமது பங்கு மண்டபத்தில் பன்னிரண்டு பெண்களோடு சிறு முயற்சி ஒன்றைத் தொடங்கினோம். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் உண்டு. முதல் மூன்று வாரமும் தொலைபேசியைத் தொடவில்லை. தத்தமது ஒழுங்கையின் வரைபடத்தை மண்ணெண்ணெய்ப் பெட்டி மட்டையில் கீறினார்கள். எத்தனை கிணறு, எத்தனை சீமெந்துத் தொட்டி, எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, எவர் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறார் என்று குறித்தார்கள். டெங்குவின் நாட்கணக்கைச் சோளக்கொட்டைகளை அடுக்கிப் படித்தார்கள். ஒருத்தி தன் ஒழுங்கையில் இருபத்தொரு கிணறு என்றாள். பக்கத்து வீட்டுக்காரி இருபத்துமூன்று என்று வாதாடினாள். இருவரும் வெயிலில் போய் எண்ணி வந்தார்கள். இருபத்துநான்கு. தரவின் தரம் என்று நிபுணர்கள் பேசுவதை அன்று அவர்கள் கற்றுக்கொண்டார்கள் என்றே நினைக்கிறேன்.

அதன்பின்தான் தொலைபேசி. அனுப்பும் செய்தியில் நோயாளியின் பெயர் இல்லை. பிரிவு இலக்கம், வீட்டுக்கு நாம் இட்ட எண், காய்ச்சல் தொடங்கிய திகதி, அவ்வளவே. அது அரசாங்க முறைக்கு மாற்று அல்ல. 544ஆம் படிவம் தன் வழியே போகட்டும். பரிசோதகரின் கண் எந்த ஒழுங்கைப் பக்கம் திரும்பவேண்டும் என்று முன்னே போய்ச் சொல்லும் தூது மட்டுமே இது. பரிசோதகரும் எம்மோடு இருந்து, தனக்கு எது பயன், எது பயனில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். நாம் ஆசையோடு தயாரித்த கேள்விகளில் பாதியை வெட்டியவர் அவரே.

சென்ற மாரியில் ஒருநாள் அவர்களில் ஒருத்தி, ஒரே ஒழுங்கையில் மூன்று வீட்டில் காய்ச்சல் என்று அனுப்பினாள். முதலாமவருக்குக் காய்ச்சல் தொடங்கி நான்காம் நாள். மறுநாள் காலை பரிசோதகர் வந்துவிட்டார். பூட்டிக் கிடந்த வீடொன்றின் பின்புறத்துத் தொட்டியில் புழுக்கள் நெளிந்தன. தொட்டியைக் கவிழ்த்தார்கள், கிணற்றில் மீன்குஞ்சு விட்டார்கள். மூவரையும் வைத்தியசாலைக்கு அனுப்பியதில் ஒருவருக்கு மட்டுமே டெங்கு. மற்ற இருவருக்கும் சாதாரணக் காய்ச்சல்.

“அப்ப ரெண்டு பேரை வீணா அலைய விட்டிட்டனா பாதர்?” என்று அவள் கேட்டாள்.

இல்லை என்றேன். இரண்டு பேருக்கு டெங்கு இல்லை என்று தெரிந்ததும் செய்திதான் என்றார் பக்கத்தில் நின்ற பரிசோதகர். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப நாளைக்கு மற்ற ஒழுங்கையையும் பார்த்திட்டு வாறன்” என்று சொல்லி, தொலைபேசியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனாள்.